வருகைக்கும் கருத்துக்கும் நன்றி

எங்க அத்தான் செத்துப்போனதை அவருடைய வாசகர்களில் ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் அவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ரெண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்க அக்கா ஒரு மூச்சு அழக்கூட முடியாமல் திண்டாடிப்போனாள். இதைச் சுரண்டையில் போய்ச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், பாதி ஊர் வந்து பார்த்துக் காப்பி குடித்துவிட்டுப் போன சங்கதிதான். நீங்கள் வெளியூர் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தான் பேர் நல்லபெருமாள். லாரி ஆபீசில் பார்சல் புக்கிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கவிதை உலகத்தில் அவர் பேர் ஈரத்தென்றல். இன்டர்நெட்டில் ‘நனையாத மழை’ என்று ஒரு வலைப்பூ வைத்திருந்தார். நனையாத மழை யாருக்கு அத்தான் உதவும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன், அந்தத் தீபாவளி முழுக்க என்னோடு பேசவில்லை. நான் மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன், பேர் கொம்பையா, எனக்கும் கவிதைக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் அவர் என் ஒரே அக்கா வடிவைக் கட்டியவர், பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் என்னைத்தான் பிள்ளையாகப் பார்த்தவர், அவர் மேல் எனக்கு உயிர்.

அந்த வலைப்பூ உலகத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் இவர் மஸ்கட் மருதன் பக்கத்துக்குப் போய் அங்கே என்ன இருக்கிறதோ அதற்குக் கீழே ‘அருமை’ என்று எழுதிவிட்டு வரவேண்டும், பிறகு ஓசூர் ஒளிமொழி பக்கத்துக்குப் போய் ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதிவிட்டு வரவேண்டும், சாயங்காலத்துக்குள் அவர்கள் எல்லாரும் இவர் பக்கத்துக்கு வந்து அதையே எழுதிவிட்டுப் போவார்கள், ஒவ்வொருத்தருக்கும் இவர் தனித்தனியாக ‘தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி’ என்று பதில் போடவேண்டும், போடாவிட்டால் மறுநாள் வரமாட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற பிள்ளைகள் யார் முகத்தையும் பார்ப்பதில்லையே, அதே மாதிரி. படிப்பது என்கிற காரியம் இதில் எங்கேயும் வராது. படித்துவிட்டு எழுத ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு ரெண்டு வீட்டுக்குத்தான் போகமுடியும், அத்தானோ குளிப்பதற்கு முன்னாலேயே ஒரு தெரு முடித்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், லேப்டாப்புக்கு முன்னால், கையில் காப்பி டம்ளரோடு, எவருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் போய்விட்டார். டம்ளர்கூடச் சாயவில்லை. முக்குத்தெரு டாக்டர் வந்து பார்த்தார், முடிந்துவிட்டது என்றார். ஐஸ் பெட்டி வந்தது, பந்தல் போட்டார்கள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டோம். அக்கா மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, “எலே, அவுஹ எழுத்தாளர் கூட்டாளிகளுக்குச் சொல்லியாச்சா? அவங்களுக்குச் சொல்லலைன்னா அவுஹ மனசு ஆறாது” என்றாள்.

சொல்லத்தான் செய்தேன். அத்தானுடைய வலைப்பூவை என் போனில் அவரே ஒருநாள் தன் கணக்கோடு திறந்து வைத்திருந்தார், படி மாப்ள, படிச்சிட்டுச் சொல்லு என்று. நான் படிக்கவில்லை, அது மட்டும் திறந்தபடியே கிடந்தது. அதில் அடித்துப் போட்டேன். என் போன் சின்னது, வரி நீளமாகப் போனால் எனக்குக் கண் தெரியாது, அதனால் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் கீழே இறக்கி இறக்கி அடித்தேன்:

இன்று மாலை
ஈரத்தென்றல்
நம்மை விட்டுப்
பிரிந்தார்
நாளைக் காலை
பத்து மணிக்கு
எடுக்கிறோம்

இதில் என்ன தப்பு, சொல்லுங்கள். சாவு நடந்த கேத வீட்டுத் தட்டியில் எழுதுகிற அதே வாசகம். ஆனால் காலையில், அத்தானைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலை எடுக்க நாங்கள் கிளம்பி நிற்கிற நேரத்தில், மேசை மேலிருந்த லேப்டாப் டிங் என்றது, திரும்பவும் டிங் என்றது, பிறகு கோயில் மணி மாதிரி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. மஸ்கட் மருதன் எழுதியிருந்தார்: ‘அருமை. வாழ்த்துகள்.’ ஓசூர் ஒளிமொழி எழுதியிருந்தார்: ‘பத்து மணிக்கு எடுக்கிறோம் என்ற முடிப்பில் என்ன ஒரு நம்பிக்கை! தொடருங்கள் தோழர்.’ அதற்குக் கீழே வரிசையாக அருமை, அருமை, தொடருங்கள், அடிக்கடி எழுதுங்கள், இன்னும் எதிர்பார்க்கிறோம்.

ஐஸ் பெட்டி மூடியை உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு அத்தான் எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் வைத்திருந்த பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தார். “வடிவு, என் கண்ணாடி எங்க?” என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். நான் லேப்டாப்பைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன், கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். மேளக்காரர்கள் வாசிக்கவா நிறுத்தவா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். மெதுவா வாசிங்கப்பா, அவர் வேலையா இருக்கார் என்றேன். அத்தான் கழுத்து மாலையைப் பின்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தருக்காக நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

டாக்டரைத் திரும்பவும் கூட்டிவந்தோம். நாடி பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், கண்ணில் லைட் அடித்தார். “ஆள் இறந்தது இறந்ததுதான், அதுல மாத்தமில்ல. டைப் அடிக்கிறது வேற சமாச்சாரம், அது என் படிப்புல வராது” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அத்தான், நீங்க நேத்துச் சாயங்காலமே தவறிட்டீங்க.”

“யாரு சொன்னா?”

“டாக்டர் சொன்னாரு.”

“அது அவரு கருத்து மாப்ள. இந்தா, இத்தனை வாசகர்கள் வந்திருக்காங்க. ஒருத்தராவது அப்படிச் சொல்லுதாங்களா? தொடருங்கள்னுதான சொல்லுதாங்க?”

அக்கா முன்னால் வந்தாள். “நான் சொல்லுதேன். நீங்க செத்துட்டீங்க.”

அத்தான் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் இல்லை, ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததை எடுத்து வெளியே வைக்கிற மாதிரி, “நீ என்னைக்கு வடிவு என் கவிதையைத் திறந்து பார்த்த?” என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் ஒரு வரிகூடப் படித்ததில்லை, அது தெருவுக்கே தெரியும்.

நான் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். மருதன் அங்கே ஒரு சிமெண்ட் கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல மனுசன், குரலிலேயே தெரிந்தது. “ஐயோ, இறந்துட்டாரா? எப்போ?” என்று பதறினார். நேற்று என்றேன். “நேத்தா? என்ன தம்பி விளையாடுறீங்க, இப்போ அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி எனக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்காரே!” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஓசூர்க்காரரும் அதையேதான் சொன்னார். அவர் பதில் போடுவதால் இவர்கள் நம்பவில்லை, இவர்கள் பாராட்டுவதால் அவர் நம்பவில்லை. இந்த முடிச்சை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது?

வரிகளை உடைத்ததுதான் வினை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், சரியென்று இன்னொரு அறிவிப்பை நீளமாக, வரி உடைக்காமல், டாக்டர் பெயர் முதற்கொண்டு போட்டு எழுதினேன். அதற்குக் கீழே முதல் ஆளாக ஒளிமொழி வந்தார்: ‘உரைநடையிலும் கலக்குகிறீர்கள்.’ அடுத்து மருதன்: ‘முதல் பாகத்தைவிட விறுவிறுப்பு.’ அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “உனக்கும் எழுத வருதே மாப்ள” என்று என் முதுகில் தட்டினார், கை ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. சுரண்டைக்காரர்கள் எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். முதல் சிக்கல் தெருமுனைப் பிள்ளையாருக்குத்தான் வந்தது. தெருவில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக்கூடாது, எடுத்த பிறகுதான் கழுவிவிட்டுப் பூசை. பூசாரி வந்து, “கிடந்தாத்தான நடை சாத்தணும்? இவரு உக்காந்துல்லா இருக்காரு, இதுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டார். பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்து ரெண்டு வெற்றிலைத் தட்டு காலியாகும்வரை பேசி முடிவெடுத்தார்கள்: அத்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிற வரை பிள்ளையாருக்குத் தோஷமில்லை, சாய்ந்து படுத்துவிட்டால் தோஷம். அதன்படி ஒரு ஆளை எங்கள் ஜன்னலில் நிறுத்திவைத்தார்கள். பின்னூட்டம் வந்து அத்தான் எழுந்து உட்கார்ந்தால் அந்த ஆள் கையைக் காட்டுவார், நடை திறக்கும். மத்தியானத்தில் மஸ்கட்காரர்கள் வேலையில் இருக்கிற நேரம் அத்தான் சாய்ந்துவிடுவார், நடை சாத்திவிடும். தேங்காய் உடைக்க வந்தவர்கள் கோயில் வாசலில் நின்றுகொண்டு, “ஈரத்தென்றலுக்கு யாராவது ஒரு அருமை போடுங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கேட்டு, அவர்களே தங்கள் போனில் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிணம் எடுக்காத வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் தெரு வீடுகள் முறை வைத்துச் சாப்பாடு அனுப்பின. முதலில் கூட்டு, பொரியல், அப்பளத்தோடு வந்தது, பிறகு வெறும் சாம்பார் சாதமாகி, கடைசியில் தயிர்சாதத்தில் வந்து நின்றது. கேதம் கேட்க வந்தவர்கள் அத்தானிடமே கேட்டுவிட்டுப் போனார்கள். இலத்தூரிலிருந்து வந்த எங்க பெரியம்மா ஒப்பாரிக்குப் பேர்போனவள், சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ‘ராசாவே நீ போன பாதை தெரியலையே’ என்று நெஞ்சிலடித்துப் பாட ஆரம்பித்தாள். அத்தான் கண்மூடிக் கேட்டுவிட்டு, “அருமை. தொடருங்கள்” என்றார். பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தவள்தான், அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள், அக்காவைத் தவிர. அவளுக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர், வடிவு, அந்த சார்ஜரைக் கொஞ்சம் மாட்டு என்பார், இவள் எழுந்துபோய் மாட்டுவாள். ஒருநாள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எலே, நான் தாலி கட்டிக்கிட்டு இருக்கேனா அறுத்துட்டேனா? பொட்டை வைக்கணுமா அழிக்கணுமா? நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்குலே” என்றாள். எனக்கு அந்த எழுத்தாளர் கூட்டத்தின் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரில் வந்து ஒருதரம் பார்க்கட்டும், தன்னால் நம்புவார்கள் என்று எல்லாரையும் எங்கள் வீட்டுக்கே பதிவர் சந்திப்புக்கு வரச்சொல்லி அழைத்தேன்.

வந்தார்கள். லீவில் வந்திருந்த மருதன், ஒளிமொழி, இன்னும் ஒரு வேன் நிறையப் பேர். பந்தலைப் பார்த்து, விழா ஏற்பாடு பிரமாதம் என்றார்கள். அத்தான் கழுத்து மாலையைப் பார்த்து, நமக்கு முன்னாடியே யாரோ மரியாதை பண்ணிட்டாங்களே என்று வருத்தப்பட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வெயில் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு சார், எங்க வாங்கினீங்க என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். கை கொடுத்தவர்கள், என்ன தோழர், கை இவ்வளவு சில்லுன்னு இருக்கு என்றுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது, குத்துவிளக்கேற்றித்தானே விழா தொடங்கும் என்று அதற்கும் கைதட்டினார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தராகத் தங்கள் கவிதையைப் படித்தார்கள். ஒருத்தர் படிக்கும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்து தங்கள் முறைக்கான தாளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், படித்து முடித்ததும் எல்லாருமாக அருமை என்றார்கள், அத்தானும் பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து அருமை என்றார். நான் நடுவில் எழுந்து நின்று, “அய்யா, இவரு செத்துப்போயிட்டாரு, பாருங்கய்யா!” என்று கத்தினேன். மருதன் கண்கலங்கிப்போய் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஒரே வரியில முடிச்சிட்டீங்களே தம்பி” என்று எனக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்.

வேன் போன பிறகு அக்கா என்னிடம் கையை நீட்டினாள். “உன் போனைக் குடு.”

“எதுக்கு?”

“அவுஹ எழுதினதைப் படிக்கப்போறேன்.”

அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து முதல் கவிதையிலிருந்து ஆரம்பித்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டைத் தவிர வேறு எதையும் வாசித்ததில்லை, உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு சொல்லாகத்தான் போனாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அவ்வப்போது தலையில் அடித்துக்கொண்டாள். “திருச்செந்தூருக்கு ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போனாரு, அதுலயும் கால் நனைக்க மாட்டேன்னுட்டு மண்டபத்துல உக்காந்துட்டாரு. கடலைப் பத்தி எத்தனை எழுதி வச்சிருக்காரு பாரு!” என்றாள். இன்னொன்றைப் படித்துவிட்டு, “இது யாருலே செண்பகம்?” என்று கேட்டாள், எனக்குத் தெரியாது என்று நழுவிவிட்டேன். வேறொன்றைப் படித்துவிட்டு போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கொல்லைச் செம்பருத்தியைப் பார்த்தபடி இருந்தாள். அக்கா இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிள்ளையார் கோயிலில் நடை திறந்து பூசை நடந்துகொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கவிதைக்குத் திரும்பிப் போனாள். ‘கனகாம்பரம்’ என்று பேர், அத்தான் அவளைப் பெண் பார்க்க வந்த நாளைப் பற்றி எழுதியது, அதற்குக் கீழேதான் இருப்பதிலேயே அதிகமான அருமைகள் இருந்தன. ஒற்றை விரலால் குத்திக் குத்தி அக்கா எழுதி அனுப்பினாள்.

உள்ளே லேப்டாப் டிங் என்றது. அத்தான் பழக்கத்தில் ‘தங்கள் வரு’ வரைக்கும் அடித்துவிட்டார். பிறகு விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ‘அன்றைக்கு நான் கனகாம்பரம் வைக்கவில்லை. பிச்சிப்பூ வைத்திருந்தேன். கனகாம்பரம் வைத்திருந்தது எங்க மதினி. நாலாவது வரி தேவையில்லை, சொன்னதையே சொல்கிறது. வடிவு.’

“வடிவு,” என்று கூப்பிட்டார். அவள் ஏற்கெனவே நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

அத்தான் லேப்டாப்பை ஓரமாக நகர்த்தினார். அந்த மனுசன் வாழ்க்கை முழுக்கக் கேட்க நினைத்து யாரிடமும் கேட்காத கேள்வி அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது, ஏனென்றால் அவர் குரல் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவன் குரல் மாதிரி இருந்தது. “எப்படி இருக்கு?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். “முக்காவாசி எனக்குப் பிடிக்கல. நிலா, கடல், செண்பகம், அதெல்லாம் யாரு எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்போல. ஆனா மழையில நனைஞ்சு பேர் அழிஞ்சுபோன பார்சல் ஒண்ணைப் பத்தி எழுதியிருக்கீஹல்லா, யாருக்கு வந்ததுன்னு தெரியாம ஆபீஸ் மூலையிலேயே கிடக்கும், நீங்க தினமும் போறப்ப அதைத் தொட்டுட்டுப் போவீஹன்னு. அது நல்லாருக்கு. அதைப் படிச்சிட்டு எனக்கு வேலையே ஓடல. என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.”

லேப்டாப்பில் ரெண்டு டிங் வந்தது, அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பிச்சிப்பூவா?” என்றார்.

“பிச்சிப்பூதான்.”

“அப்ப நீயே சொல்லு வடிவு. நான் செத்துட்டேனா?”

“செத்துட்டீங்க. செவ்வாக்கிழமை சாயங்காலம். கையில காப்பி இருந்துச்சு.”

“சரி” என்றார். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். பொன்னாடைகளை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டுப் படுத்தார், கால் ரெண்டையும் அவரே சேர்த்து வைத்துக்கொண்டார். ஜன்னலில் நின்ற ஆள் கையை இறக்கினார், தெருமுனையில் பிள்ளையார் கோயில் மணி பாதியில் நின்று நடை சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எங்க அக்கா அழுதாள். ஐயோ என்னைப் பெத்த ராசா என்று அவள் போட்ட சத்தத்தில், தயிர்சாதம் அனுப்பிச் சலித்துப்போயிருந்த தெரு முழுக்க ஓடிவந்து கூடவே அழுதது. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

அன்றைக்குச் சாயங்காலமே எடுத்தோம். குளத்துக்கரை திரும்பும்போது என் சட்டைப்பையில் போன் டிங் என்றது. பாடையில் ஒரு அசைவு, தூக்கினவர்கள் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். அக்கா எழுதியதற்குக் கீழே மருதன் எழுதியிருந்தார்: ‘அருமை சகோதரி. தொடருங்கள்.’ நடுரோட்டில் நின்றபடியே, அத்தான் எழுந்துவிடுவதற்குள், ‘தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி’ என்று அடித்து அனுப்பினேன். பாடை அமைதியானது. நடங்கப்பா என்றேன்.

அன்றிலிருந்து இதுதான் என் பிழைப்பு. மிக்ஸி ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாக இருக்கிறேன். பதில் மட்டும் போட்டால் போதாது, அவர்கள் பக்கத்துக்கும் போய்வரவேண்டும், போகாவிட்டால் என்னாச்சு தோழர் என்று கூட்டமாக வந்து கேட்பார்கள், படுத்திருக்கிற மனுசன் பதில் சொல்ல எழுந்துவிட்டால் அக்கா இன்னொரு தடவை தாங்கமாட்டாள். அவள் பொட்டை அழித்துவிட்டாள், பிச்சிப்பூ மாலை ஒன்றை அவர் படத்துக்குத் தினமும் போடுகிறாள். அவள் எழுதியதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை, அதற்கு அத்தானே பதில் சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை ஓசூர் ஒளிமொழி பக்கத்துக்குப் போனேன், புதிதாகச் சின்னச் சின்ன வரியில் என்னமோ போட்டிருந்தார். கை தன்னால் ‘அருமை’ என்று அடித்துவிட்டது. அனுப்பப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவேளை இந்த ஆளும் செத்துக்கித்துத் தொலைத்திருந்தால்? இவர் வீட்டிலும் ஒருத்தி அழமுடியாமல் உட்கார்ந்திருந்தால்? அடித்ததை அழித்தேன். மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.